ஏறுகோணம்: சொல்லும் கணக்கும்

விமானம் மேலேறும் பாதை கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணத்தை, அதாவது கிளைம்ப் ஆங்கிளை, தமிழில் 'ஏறுகோணம்' என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. 'ஏற்றக்கோணம்' என்ற சொல்தான் பலருக்கும் சட்டென்று தோன்றும். ஆனால் அதற்குப் பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கும்போது அவருடைய பார்வைக்கோடு கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணம்தான் ஏற்றக்கோணம். அந்தப் பாடத்தில் விமானக் கணக்குகளும் வரும் என்பதுதான் சிக்கல். விமானம் 30 பாகை ஏற்றக்கோணத்தில் தெரிகிறது என்றால் அது 30 பாகையில் ஏறுகிறது என்று பொருளல்ல. மட்டமாகப் பறந்துகொண்டிருக்கலாம், இறங்கிக்கொண்டும் இருக்கலாம். ஒரே விமானத்தின் இரண்டு கோணங்களுக்கு ஒரே பெயர் வைத்தால் படிக்கிறவர் திண்டாடிப் போவார்.

ஏறுகோணம் வினைத்தொகை. ஏறுவரிசை, இறங்குவரிசை என்று நாம் பழகிய அமைப்புதான், புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லோடும் அது நிற்காது. இறங்குகோணம், ஏறுவீதம், ஏறுசாய்வு என்று அடுத்தடுத்துத் தேவைப்படும் சொற்களும் அதே அச்சில் கிடைத்துவிடும்.

சொல் பொருந்துகிறதா என்பதைக் கணக்கில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏறுவீதம் என்பது விமானம் ஒரு நிமிடத்தில் எத்தனை அடி உயர்கிறது என்பது. அதைப் பாதை வழியே செல்லும் வேகத்தால் வகுத்தால் ஏறுகோணத்தின் சைன் மதிப்பு வரும். அலகு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: விமான வேகத்தை அளக்கும் அலகான நாட் ஒன்று, நிமிடத்துக்கு ஏறக்குறைய 101.3 அடி. செஸ்னா 172எஸ் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம் கடல்மட்டத்தில் 74 நாட் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 730 அடி ஏறும். 74 நாட் என்பது நிமிடத்துக்கு 7,494 அடி. 730-ஐ 7,494-ஆல் வகுத்தால் 0.0974, கோணம் சுமார் 5.6 பாகை. சிறிய கோணங்களுக்குச் சைன் அட்டவணைகூட வேண்டாம். விகிதத்தை 57.3-ஆல் பெருக்கினாலே போதும்.

இதில் எந்த வேகத்தை எடுப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். விமானி அறையின் வேகமானி காட்டுவது காற்றழுத்த வேறுபாட்டை வைத்து. உயரே போகப் போகக் காற்று மெலிவதால் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். 10,000 அடியில் 100 நாட் என்று காட்டினால், விமானம் காற்றினூடே ஏறக்குறைய 116 நாட் வேகத்தில் போகிறது. நிமிடத்துக்கு 700 அடி ஏறும்போது, காட்டும் வேகத்தை அப்படியே போட்டால் 4 பாகை என்று வரும். உண்மையில் 3.4 பாகைதான். அதனால் 'காட்டும் வேகம்', 'மெய்வேகம்' என்ற இரண்டு சொற்களும் ஏறுகோணத்தோடு சேர்ந்தே வர வேண்டும். (இலங்கைப் பாடநூல்களில் ஸ்பீடு என்பது கதி. அங்கே 'மெய்க்கதி' என்று எழுதினாலும் கணக்கு மாறாது.)

அப்புறம், மூக்கு. 'மூக்கு நிமிர்ந்திருக்கும் கோணம்' என்று ஏறுகோணத்துக்கு விளக்கம் எழுதினால் அது தவறு. மூக்கு நோக்கும் திசை வேறு, விமானம் போகும் திசை வேறு. இரண்டுக்கும் இடைப்பட்டது தாக்குகோணம். இறக்கைகள் மட்டமாக இருக்கும்போது மூக்குக்கோணம் என்பது ஏறுகோணமும் தாக்குகோணமும் சேர்ந்தது. தரையிறங்க வரும் பயணிகள் விமானத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பாதை 3 பாகை கீழ்நோக்கிப் போகும், ஆனால் மூக்கு இரண்டு மூன்று பாகை மேல்நோக்கியே இருக்கும். மூக்கை வைத்து ஏறுகோணம் சொல்கிறவர், இறங்கும் விமானத்தை ஏறுகிறது என்பார். பிட்ச் என்பதற்கு 'மூக்குக்கோணம்' கொஞ்சம் நாட்டுப்புறமாகப் படலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் எதை அளக்கிறோம் என்பதில் ஐயமே எழாது.

சீராக ஏறும் விமானத்துக்கு இன்னொரு வழியிலும் கோணம் கிடைக்கும். உந்துவிசையிலிருந்து காற்றின் இழுவையைக் கழித்து, மீதியை எடையால் வகுத்தால் வருவதும் அதே சைன் மதிப்புதான். ஆக, கோணம் மிகை உந்துவிசையைப் பொறுத்தது. ஏறுவீதமோ அதை வேகத்தாலும் பெருக்கிய மிகைத்திறனைப் பொறுத்தது. அதனால்தான் இரண்டுக்கும் உகந்த வேகங்கள் வேறுவேறாக இருக்கின்றன. மேலே சொன்ன செஸ்னாவுக்குக் கடல்மட்டத்தில் உச்ச ஏறுகோண வேகம் 62 நாட், உச்ச ஏறுவீத வேகம் 74 நாட். ஓடுபாதை முடியும் இடத்தில் மரம் நின்றால் முதலாவது, சீக்கிரம் உயரம் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டாவது. உயரம் கூடக்கூட இந்த இரண்டும் நெருங்கி வந்து, இனி ஏறவே முடியாத உச்ச உயரத்தில் ஒன்றாகிவிடும். 'ஏறும் வேகம்' என்று பொதுவாக எழுதினால் இந்த இரண்டில் எது என்று யாருக்கும் புரியாது. அது ஏறுவீதத்தையே குறிக்கிறது என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தொடரைக் கலைச்சொல்லாக ஏற்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஏறுசாய்வு, அதாவது கிடைமட்டமாக நூறு அடி போவதற்குள் எத்தனை அடி உயர்கிறது என்ற அளவு, தனியாக வேண்டுமா என்றால், வேண்டும். பாதுகாப்பு விதிகள் பாகையில் பேசுவதில்லை, விழுக்காட்டில் பேசுகின்றன. இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், சக்கரங்களை உள்ளிழுத்த பிறகு குறைந்தது 2.4 விழுக்காடு ஏறுசாய்வு இருக்க வேண்டும் என்பது விதி. பாகையில் அது சுமார் 1.4தான்.

கடைசியாக, காற்று. இதுவரை சொன்ன ஏறுகோணம் காற்றைச் சார்ந்தது. காற்றுத்திரளே நகரும்போது தரையிலிருந்து பார்க்கும் பாதை மாறிவிடும். அதே செஸ்னா 20 நாட் எதிர்க்காற்றில் ஏறினால், தரையைப் பொறுத்த கோணம் சுமார் 7.7 பாகை. பின்காற்று என்றால் 4.4 பாகை. காற்றினூடே அது ஏறுவது இரண்டு சமயமும் 5.6 பாகைதான். மரத்தைத் தாண்டுமா என்று பார்ப்பவருக்குத் தேவை தரைக்கணக்கு. விமானத்தின் திறனைப் பேசுபவருக்குத் தேவை காற்றுக்கணக்கு. எனவே வெறுமனே 'ஏறுகோணம்' என்றால் காற்றைச் சார்ந்தது என்றும், மற்றதற்குத் 'தரைசார் ஏறுகோணம்' என்றும் வைத்துக்கொள்ளலாம். தரைசார் கோணத்துக்கு ஏறுவீதத்தைத் தரைவேகத்தால் வகுக்க வேண்டும். தரைவேகம் கிடைமட்டமானது என்பதால் அங்கே வருவது சைன் அல்ல, டேன்ஜென்ட். இந்த ஒரு வரியையும் வரையறையிலேயே சேர்த்துவிட வேண்டும்.