விறகு பாய்லர் உள்சுவர்: எந்தச் செங்கல், எந்தச் சாந்து?

கானாடுகாத்தான்_முற்றம்:
விருந்தினர் விடுதிக்கு 300 லிட்டர் வெந்நீர் வேண்டும். விறகு பாய்லரை மறுபடி கட்டுகிறோம். அடுப்பறை உள்ளளவு 45 × 45 செ.மீ., உயரம் 60. எரிப்பது சீமைக்கருவேலம். பழையது சேம்பர் செங்கல், மேலே சிமென்ட் பூச்சு. ஆறே மாதத்தில் பாளம் பாளமாக விழுந்துவிட்டது. கடுக்காய்த் தண்ணீர் விட்ட சுண்ணாம்புச் சாந்து பூசலாம் என்கிறார் கொத்தனார். சேலத்து மேக்னசைட் கல் எவ்வளவு சூடும் தாங்கும் என்கிறார் இன்னொருவர். எதை எடுக்கலாம்?

சூளைவாசி:
இரண்டும் வேண்டாம் அண்ணே. இறுகிய சிமென்டில் இருக்கும் சுண்ணாம்பு 400–500 டிகிரியில் நீரை விட்டுவிடும். அடுப்பு ஆறியதும் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். தினமும் இதே கதை என்றால் பூச்சு எப்படி நிற்கும்? அதிலுள்ள ஆற்றுமணலும் 573 டிகிரியில் சட்டென்று விரியும். கடுக்காய்ச் சாந்து செட்டிநாட்டுச் சுவருக்கு ராஜா. தீ முகத்தில் வைத்தால் நீறாத சுண்ணாம்பாகி, ஈரம் பட்டதும் பொரிந்து கொட்டும். மேக்னசைட் உருக்காலைச் சரக்கு. தினமும் சூடேறி ஆறினால் வெடிக்கும், நீராவி பட்டால் ஊதும்.

ஐ.எஸ். 8 (இந்தியத் தர நிர்ணயம்) தர ஃபயர் பிரிக், அதாவது தீ தாங்கும் செங்கல், வாங்குங்கள். அளவு 230 × 115 × 75 மி.மீ.; ஒரு கல் ஏறக்குறைய 4 கிலோ இருக்கும். கையில் எடுத்தால் லேசாக இருந்தாலோ, தட்டினால் மொத்தென்று கேட்டாலோ திருப்பிக் கொடுங்கள். 75 மி.மீ. கனச் சுவர் என்றால் சதுர மீட்டருக்கு 38 கல். உங்கள் அளவுக்கு, தரையும் சேர்த்து, உடைசலுக்கும் வைத்து 60 போதும். லேசான இன்சுலேஷன் கல்லைத் தீ முகத்தில் வைக்காதீர்கள். விறகு இடித்தால் நொறுங்கும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் அதன் துளைகளில் இறங்கி, கண்ணாடிபோல் உருக்கி அரிக்கும்.

புகைக்கூண்டு:
கல்லைவிட இணைப்பில்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஏர்-செட்டிங் (சூடு இல்லாமல் காற்றிலேயே இறுகும்) ஃபயர் பிரிக் சாந்தைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, கல்லை அதில் தோய்த்து வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். இணைப்பு 2 மி.மீ. தாண்டக் கூடாது. கொத்தனார் பழக்கத்தில் அரை அங்குலம் வைப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கல் சூட்டில் மீட்டருக்கு 5–6 மி.மீ. விரியும். வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டினால் அதைத் தள்ளிப் பிளந்துவிடும். நடுவில் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வை விடுங்கள். விரியவும் இடம், வெப்பமும் உள்ளேயே நிற்கும். வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம்.

சூளைவாசி:
கதவு வளைவுக்கும் புகை போகும் கழுத்துக்கும் கல் வெட்டிச் சிரமப்படாமல் காஸ்டபிள் (தீ தாங்கும் கான்கிரீட் கலவை) ஊற்றலாம். தண்ணீர், மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. உருட்டி அரையடி தூக்கிப் போட்டுப் பிடித்தால் உருண்டை சப்பையாகவும் கூடாது, உதிரவும் கூடாது. 24 மணி நேரம் ஈரச் சாக்கு. பிறகு ஒரு நாள் நிழலில் காயட்டும்.

முதல் தீ சுள்ளியில்தான். சில மணி நேரம் 100 டிகிரியை ஒட்டி வைத்து, பிறகு மணிக்கு 25–30 டிகிரி என ஏற்றுங்கள். அவசரப்பட்டு கருவேலங்கட்டையைத் திணித்தால் உள்ளே மாட்டிய நீர் ஆவியாகிக் காஸ்டபிள் பட்டாசுபோல் சிதறும். ஆளும் அருகில் நிற்க முடியாது.

கானாடுகாத்தான்_முற்றம்:
முதல் மாதத்தில் மயிரிழை விரிசல் வந்தால் சாந்து வைத்து அடைக்கலாமா?

புகைக்கூண்டு:
வேண்டாம். சூடேறினால் தானாக மூடிக்கொள்ளும். ஆறியிருக்கும்போது அடைத்தால், அடுத்த சூட்டில் அந்தச் சாந்தே ஆப்பாகிக் கல்லை உடைக்கும். 3 மி.மீ. தாண்டினால் மட்டும் சுரண்டி, ஃபைபர் துண்டைச் செருகுங்கள். தொட்டியிலிருந்து வரும் ஆவிக்குழாயில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வால்வு மாட்டாதீர்கள்.