நிதிக்கூற்றை எக்ஸ்பிஆர்எல்லில் கொடுக்கச் சட்டம் வந்தால் நம் ஊர்க் கம்பனிகளுக்கு நல்லதா?

உட்துறைமுக வீதி:
திருகோணமலை நகரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அண்மையில் ஒரு கம்பனியின் நிதிக்கூற்றைப் பிடிஎஃப் ஆக வங்கிக்கு அனுப்பினோம். அங்கே ஒருவர் அதைப் பார்த்துத் தங்கள் எக்செல் தாளில் திரும்பத் தட்டியிருக்கிறார். எட்டு இலட்சம் நட்டத்தை (800,000) என்று போட்டிருந்தோம். தட்டும்போது அடைப்புக்குறி விடுபட்டு, நட்டம் இலாபமாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கடன் விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்கினோம்.

எக்ஸ்பிஆர்எல் என்பது நிதிக்கூற்றைக் கணினியே நேரடியாக வாசிக்கும்படி எழுதும் முறை. அதில் ஒவ்வொரு எண்ணோடும் அது என்ன, எந்தத் திகதிக்குரியது, எந்த நாணயம் என்ற குறிச்சொல் சேர்ந்தே போகும். யாரும் திரும்பத் தட்டத் தேவையில்லை. 1998இல் சார்ள்ஸ் ஹொஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளர் தொடங்கிவைத்த யோசனை இது. சிங்கப்பூர் 2007இலேயே இதற்கு வந்துவிட்டது. நாம் ஏன் இன்னும் பிடிஎஃபோடு மல்லுக்கட்டுகிறோம்?

கொட்பே கணக்காளர்:
தம்பி, அந்த அடைப்புக்குறிப் பிரச்சினை ஒழியாது, இடம்தான் மாறும். அமெரிக்காவில் 2009இல் பெரிய கம்பனிகளிலிருந்து இதைத் தொடங்கினார்கள். அங்கே அடிக்கடி பிடிபட்ட பிழைகளில் ஒன்று இதே கழித்தல் குறி. குறிச்சொல்லே செலவு என்று சொல்லும்போது, உள்ளே எண்ணுக்கும் ஒரு மைனஸ் போட்டுவிடுவார்கள்.

என் கவலை வேறு. 22 வருடமாக மீன் கம்பனிக் கணக்குப் பார்க்கிறேன். சீசன் தொடக்கத்தில் வலைக்கும் எண்ணெய்க்கும் படகுக்காரருக்கு முற்பணம் கொடுப்போம். அது காசாகத் திரும்பாது. மீன் தரும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று கழியும். இயந்திரம் பழுதானால் மீதி அடுத்த சீசனுக்குப் போகும். இது வியாபார வருமதியா, கடனா, முற்கொடுப்பனவா? நான் ‘படகு முற்பணம்’ என்று தனி வரி போட்டுக் குறிப்பில் விளக்குவேன். கொழும்பிலிருந்து வரும் குறிச்சொற் பட்டியலில் அந்த வரி இருக்குமா? ‘ஏனையவை’க்குள் தள்ளச் சொல்வார்கள். எங்கள் தொழிலின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது.

உவர்மலை மாணவி:
ஐயா, அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்க முறையில் கம்பனி தனக்கென ஒரு குறிச்சொல்லை உருவாக்கலாம். ஆனால் ஆளுக்கொன்று உருவாக்கினால் ஒப்பிடுவது கஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி எனக்குப் பிடித்தது: சொந்தக் குறிச்சொல் போடலாம், ஆனால் பட்டியலில் அதற்கு மிக நெருங்கியதோடு அதை இணைத்துக் காட்ட வேண்டும். உங்கள் வரி ‘படகு முற்பணம்’ ஆகவே நிற்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் மொழி. ஒரே குறிச்சொல்லுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வைக்க எக்ஸ்பிஆர்எல் இடம் தருகிறது. உயர்தரத்தில் ‘பெறுமானத் தேய்வு’ என்று எழுதிப் பழகிய கைதான் என்னுடையது. பயிற்சிக்குப் போன இடத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தேடுகிறேன். பட்டியலைச் செய்யும்போதே தமிழ்ப் பெயரையும் சேர்த்துவிட வேண்டும். பிறகு சேர்ப்போம் என்று விட்டால் அது நடக்காது.

நிலாவெளி விடுதி:
எல்லாம் சரி, செலவு யார் தலையில்? எனக்குப் பத்து அறைதான். நவம்பர் 30க்குள் வரி அறிக்கை கொடுக்கவே ஓடித்திரிகிறேன். இந்தியாவில்கூட 2010-11இல் எல்லோரையும் இதற்குள் இழுக்கவில்லை. பங்குச் சந்தையில் உள்ளவை, அவற்றின் துணைக் கம்பனிகள், 5 கோடி மூலதனம் அல்லது 100 கோடி விற்பனை உள்ளவை என்றுதான் தொடங்கினார்கள்.

உட்துறைமுக வீதி:
அண்ணா, அப்படி வரம்பு வைத்தால் நம் ஊர்க் கம்பனிகளில் பெரும்பாலானவை வெளியேதான் நிற்கும். கடனுக்கு அலைவதும் அவைதானே. பிரித்தானியாவில் 2011 ஏப்ரலில் கம்பனி வரி அறிக்கைக்கு ஐஎக்ஸ்பிஆர்எல் கட்டாயமானது. கண்ணுக்கு வழமையான அறிக்கைதான், உள்ளே குறிச்சொல் இருக்கும். சிறிய கம்பனிகளுக்கு வரித் திணைக்களமே இலவசமாக மென்பொருள் கொடுத்தது. அதைத்தான் நாமும் கேட்க வேண்டும்.

கழித்தல் குறிப் பிழைக்கு அமெரிக்காவின் எக்ஸ்பிஆர்எல் யுஎஸ் அமைப்பு 2015 முதல் சோதனை விதிகளை இலவசமாக வெளியிடுகிறது. அனுப்புமுன் ஓட்டிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். எங்கள் பிடிஎஃபைத் தட்டியவரை எச்சரிக்க எதுவும் இருக்கவில்லை.

கொட்பே கணக்காளர்:
மைனஸைப் பிடிக்கும், சரி. முற்பணத்தைப் பிழையான குறிச்சொல்லில் போட்டால் அந்த விதி பிடிக்குமா? ஐந்தொகை இரு பக்கமும் சமனாகவே இருக்கும். அதைப் பிடிக்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும்.

தமிழ்ப் பெயர் பற்றி மகள் சொன்னது முழுக்கச் சரி. இலவச மென்பொருளும் தமிழும் முதல் நாளே வந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். சொந்தக் குறிச்சொல்லுக்கு இடமில்லாமல் வந்தால் கட்டாயம் எதிர்ப்பேன்.

உவர்மலை மாணவி:
ஐயா, அந்த முற்பணக் குறிப்பைப் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுவீர்களா? ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கீட்டு நியமங்களின் குறிச்சொற் பட்டியலில் எதனோடு இணைக்கலாம் என்று தேடிப் பார்க்கிறேன்.

கொட்பே கணக்காளர்:
இரவு போடுகிறேன் மகள். இரண்டு வருடத்துக் குறிப்பு தருகிறேன். படகு பழுதாகி மீதி அடுத்த சீசனுக்குப் போன வருடத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும்.