மாடி ரேடியேட்டரில் மூன்றே நாளில் மறுபடி காற்று

கேள்வி:
வீட்டைச் சூடாக்க வெந்நீர் ஓடும் படுக்கையறை ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் கை வைக்க முடியாத சூடு, மேல்பாதி சில்லென்று இருக்கிறது. பாய்லர் ஓடத் தொடங்கியதும் குழாய்க்குள் களகளவென்று சத்தம். போன வாரம்தான் ரேடியேட்டரின் காற்று வால்வைத் திறந்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியே விட்டேன். மூன்றே நாளில் பழையபடி ஆகிவிட்டது. குழந்தை தூங்கும் அறை, தள்ளிப்போட மனமில்லை.

பதில்:
பம்ப் ஓடும்போதே திறந்தீர்களா? அணைத்து, ஆறவிட்டுச் செய்யுங்கள். ஓடும் பம்ப் காற்றை உள்ளேயே சுற்றவிடும். கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்கு வாருங்கள். துணியைப் பிடித்துக்கொண்டு காற்று வால்வின் சாவியைக் கால் சுற்று திருப்புங்கள். 'உஸ்' நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். அப்புறம் பாய்லர் பிரஷர்: ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும்.

கேட்டவர்:
ஆமாம், ஓடும்போதேதான் திறந்தேன். பிரஷர் 0.6. வந்த தண்ணீர் மை போலக் கறுப்பு. துணியில் கறை போகவே இல்லை.

இன்னொரு பதில்:
அந்தக் கறுப்பைத்தான் கவனிக்க வேண்டும். ரேடியேட்டரின் இரும்பு உள்ளே அரிக்கிறது. அதில் ஹைட்ரஜனும் உண்டாகும், அதனால் திறக்கும்போது தீயை அருகில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே அலசி, தண்ணீரை மாற்றி, அரிப்புத் தடுப்பு திரவம் சேருங்கள். உங்கள் 0.6 குறைவு; தண்ணீர் நிரப்பிப் பிரஷரை ஏற்றியபின்னும் அது இறங்கினால் எங்கோ கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். வால்வு இணைப்புகளில் டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு வால்வின் அடியில் சிறு பச்சைக் கறை, அங்கேதான் சொட்டிக்கொண்டிருந்தது. கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் புதுத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் அரிப்பைக் கூட்டிவிடும்.

கேட்டவர்:
சரி, இன்று இரவே டிஷ்யூவோடு உட்காருகிறேன்.