ஹாரி பாட்டர்: ஒன்பது வயதும் அறுபது வயதும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து படிக்க என்ன வழி?

புன்னைமரம்:

வணக்கம். எங்கள் குடியிருப்பு நூலகத்தில் ஞாயிறு மாலை வாசிப்பு வட்டம் நடக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள். அடுத்த சுற்றுக்கு, மந்திரப் பள்ளியில் படிக்கும் சிறுவனைப் பற்றி ஜே. கே. ரௌலிங் எழுதிய ஏழு புத்தகத் தொடரான ஹாரி பாட்டர் என்று முடிவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் உரக்க வாசித்து, தமிழில் பேசுவது திட்டம். பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் துணையாக வந்து சும்மா உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. சிறுவர் நூல் என்று பெயர் வாங்கிய இந்தத் தொடரைப் பெரியவர்களும் விடாமல் படிக்க என்ன காரணம்? அது எழுத்தில் எங்கே இருக்கிறது? கூடவே, வாரத்துக்கு எத்தனை அத்தியாயம் வைக்கலாம், எந்தப் பதிப்பு வாங்கலாம், சின்னவர்களை எந்தப் புத்தகத்தோடு நிறுத்தலாம் என்பதையும் சொல்லுங்கள். ஏழு புத்தகத்தையும் படித்தவள்தான், கதையை உடைத்தே பேசலாம்.

மூன்றாவது அலமாரி:

படிக்காதவர்கள் இந்த இழையைத் தாண்டிப் போய்விடுங்கள். எல்லா முடிச்சும் இங்கே அவிழப்போகிறது.

மந்திரக்கோலும் பறக்கும் துடைப்பமும் பெரியவர்களைப் பத்துப் பக்கம் இழுக்கும். அதற்கு மேல் அவர்களைப் பிடித்து வைப்பது துப்பறியும் கதையின் கட்டுமானம். முதல் ஆறு புத்தகங்களில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளி ஆண்டுக்குள் அடங்குகிறது. செப்டம்பரில் ரயில் ஏறுகிறார்கள், ஜூனில் மர்மம் உடைகிறது. நடுவே தடயங்கள் எல்லாம் நம் கண்முன்னே கிடக்கின்றன. ரௌலிங் எதையும் ஒளிப்பதில்லை, வேறு பக்கம் பார்க்க வைக்கிறார், அவ்வளவுதான்.

முதல் புத்தகத்தின் 11ஆம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தில் பறந்தபடி ஆடும் க்விடிச் ஆட்டத்தில் ஹாரியின் துடைப்பம் தறிகெட்டு ஆடுகிறது. மருந்துப் பாட ஆசிரியர் ஸ்னேப் கண் இமைக்காமல் ஏதோ முணுமுணுக்கிறார். ஹாரியின் தோழி ஹெர்மயனி பார்வையாளர் வரிசைக்குள் ஓடிப்போய் அவருடைய அங்கியில் நெருப்பு வைக்கிறாள், துடைப்பம் அடங்குகிறது. ஆக ஸ்னேப்தான் குற்றவாளி. ஆனால் அவள் ஓடும் வழியில் பேராசிரியர் குவிரல்மீது மோதி அவரைக் குப்புறத் தள்ளிவிடுகிறாள், மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் வரும். மந்திரம் அறுந்தது அங்கேதான். பிள்ளைகள் நெருப்பைப் பார்க்கிறார்கள். துப்பறியும் நாவல் படித்துப் பழகிய பெரியவர் அந்த மோதலில் நின்றுவிடுகிறார்.

இன்னொன்று. 5ஆம் அத்தியாயத்தில் மதுக்கடையில் குவிரல் ஹாரியின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், தலைப்பாகை பற்றி அங்கே பேச்சே இல்லை. 7ஆம் அத்தியாய விருந்தில்தான் ஊதா நிறத் தலைப்பாகையோடு வருகிறார். கடைசி அத்தியாயத்தில் ஹாரியின் தோல் பட்டதும் அவர் கை வெந்துபோகிறது. அப்படியென்றால் அன்றைக்குக் கைகுலுக்கியபோது ஏன் வேகவில்லை? வங்கிக் கொள்ளை தோற்ற பிறகுதான், ஹாரியின் பெற்றோரைக் கொன்ற வோல்டமோர்ட் அவர் உடம்புக்குள் குடியேறினான். இந்தக் கேள்வியை வட்டத்தில் போட்டுப் பாருங்கள், பெரியவர்கள் தாமே பக்கம் புரட்டத் தொடங்குவார்கள்.

இதெல்லாம் நடக்கக் காரணம் ஒன்றுதான். கதைசொல்லி ஹாரியின் தோளை விட்டு அநேகமாக நகர்வதில்லை. முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயம், மேலே சொன்ன 11ஆம் அத்தியாய ஆட்டம், நான்காவதின் முதல், ஆறாவதின் முதல் இரண்டு, ஏழாவதின் முதல் என்று எண்ணிச் சொல்லக்கூடிய இடங்களில் மட்டும் விலகுகிறார். மற்றபடி ஹாரி கண்டது எல்லாம் மெய், அதற்கு அவன் சொல்லிக்கொள்ளும் அர்த்தம் மட்டும் பல நேரம் பொய். பிள்ளைகள் ஹாரியோடு சேர்ந்து ஏமாறுகிறார்கள். பெரியவர்கள் அவன் கண்டதை வைத்துக்கொண்டு அவன் நினைப்பதைச் சந்தேகிக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு வாசிப்பு ஓடுகிறது.

பார்ப்பவரின் ஆழ்மன ஆசையைக் காட்டும், 12ஆம் அத்தியாயத்தின் ஆசைக் கண்ணாடி இதற்கு உச்சம். நீங்கள் அதில் என்ன பார்க்கிறீர்கள் என்று ஹாரி கேட்கிறான். கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையோடு நிற்கிறேன் என்கிறார் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர். பிள்ளைகள் சிரிப்பார்கள். படுக்கைக்குப் போன பிறகுதான், அவர் உண்மையைச் சொல்லவில்லையோ என்று ஹாரிக்குத் தோன்றுகிறது. அவருடைய தங்கை அரியானா செத்த கதை ஏழாவது புத்தகத்தில் வரும்போது, அந்தக் காலுறை முற்றிலும் வேறொன்றாகிவிடுகிறது.

வட்டத்துக்கு ஒரு யோசனை. சுவரில் பெரிய தாள் ஒட்டி இரண்டு பத்தி போடுங்கள்: ‘பார்த்தது’, ‘நினைத்தது’. ஸ்னேப் நொண்டுகிறார் என்பது முதல் பத்தி, பள்ளியில் ஒளித்து வைத்திருக்கும் மந்திரக் கல்லை ஸ்னேப் திருடப் பார்க்கிறார் என்பது இரண்டாவது. பக்கத்தில் அத்தியாய எண் கட்டாயம். 17ஆம் அத்தியாயம் முடிந்ததும் முதல் பத்தியில் ஒன்றுகூட அடிபடாது, இரண்டாவது பத்தியில் முக்கால்வாசி அடிபடும். இது கெட்டுப்போகும் இடமும் ஒன்று உண்டு: படம் பார்த்த பிள்ளை நடுவில் குற்றவாளியின் பெயரைக் கத்திவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தனி வேலை கொடுத்துவிடுங்கள். தடயம் இருக்கும் அத்தியாய எண்ணைச் சீட்டில் எழுதி உங்களிடம் தர வேண்டும், வாய் திறக்கக் கூடாது.

தேரடி:

நேரக் கணக்கு மட்டும் நான் சொல்றேங்க. முதல் புத்தகம் ஆங்கிலத்துல ஏறத்தாழ 77,000 சொல், 17 அத்தியாயம். உரக்க வாசிக்கும்போது நிமிஷத்துக்கு 130 சொல்லுன்னு வைங்க, ஒரு அத்தியாயம் 35 நிமிஷம் வரும். நடுவுல தமிழ்ல விளக்க நிறுத்தினா 50 நிமிஷம். அதனால ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு அத்தியாயத்துக்கு மேல வைக்காதீங்க, ஒன்பது வாரத்துல முடிஞ்சிடும். முதல் ரெண்டு அத்தியாயத்தை மட்டும் ஒரே உட்காரல்ல முடிச்சே ஆகணும். முதல் அத்தியாயம் தொடங்குறது ஹாரியோட வெர்னன் மாமாவோட அலுவலக நாள்ல, பிள்ளைங்களுக்கு அதுல பிடிப்பு கிடைக்காது. அங்க நிறுத்தினா அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டாங்க. ரெண்டாவதுல பாம்புக் கூண்டுக் கண்ணாடி மறையுற இடம் வரைக்கும் போயிட்டா கவலையில்லை.

பள்ளிக் காவலாளி ஹாக்ரிட் பேசுற வரிகளை நேரா வாசிக்கச் சொல்லிப் பிள்ளைங்ககிட்ட கொடுக்காதீங்க. அவர் பேச்சு காதுக்குக் கேக்கிற மாதிரி உடைச்சு எழுதியிருக்கும், கண்ணால படிச்சா தடுமாறும். பெரியவர் ஒருத்தர் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கட்டும், முந்தின நாளே ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பார்த்துக்கணும்.

ஒரே வேகம் ஏழுக்கும் ஒத்துவராது, இதைக் கவனிங்க. ஐந்தாவது புத்தகம் ஏறத்தாழ 257,000 சொல், 38 அத்தியாயம். உரக்க வாசிச்சா 33 மணி நேரம். வாரம் ரெண்டுன்னு போனா 19 வாரம், வட்டம் கலைஞ்சிடும். நாலாவதுல இருந்து வீட்டுல படிச்சிட்டு வரணும், கூட்டத்துல தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் வாசிக்கணும்னு மாத்திக்கங்க.

பதிப்பு: நம்ம ஊர்ல கிடைக்கிறது பெரும்பாலும் ப்ளூம்ஸ்பரியோட பிரிட்டிஷ் பதிப்பு. யாராவது அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்த ஸ்கொலாஸ்டிக் பதிப்பை எடுத்து வந்தா முதல் புத்தகத்தோட பேரே வேற, பக்க எண் ஒத்துவராது, சில சொல்லும் மாறியிருக்கும். அத்தியாய எண் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதையே சொல்லிப் பழகுங்க. பெரியவங்களுக்குன்னு வேற அட்டையோட விக்கிறதைப் பார்த்து உள்ள வேற கதைன்னு சிலர் நினைக்கிறாங்க. ஒரு எழுத்து மாறாது. ரயில்லயும் பேருந்துலயும் கூச்சமில்லாம படிக்கணும்னு 1998லயே ப்ளூம்ஸ்பரி கறுப்பு வெள்ளை ரயில் படத்தோட அப்படி ஒரு அட்டை போட்டது. ஜிம் கே வரைஞ்ச பெரிய படப்பதிப்பு 2015ல வந்தது, அதுலயும் முழுப் பாடமும் இருக்கு. கனம் அதிகம், ஒண்ணு வாங்கி நடுவுல வெச்சுக் காட்டினா போதும்.

அந்திமந்தாரை:

துப்பறியும் கதை என்பதை மட்டும் வைத்து மூன்றாவது அலமாரி சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகும் பெரியவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை படிக்கிறார்களே? புதிருக்காக மட்டும் யாரும் அப்படித் திரும்பி வரமாட்டார்கள்.

ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலைப் பின்தொடர்ந்து பாருங்கள். நான்காவது புத்தகத்தின் 14ஆம் அத்தியாயத்தில் வகுப்பறையில் ஒரு சிலந்தியைச் சித்திரவதை மந்திரத்தால் துடிக்க வைக்கிறார்கள். எல்லோரும் சிலந்தியைப் பார்க்கும்போது ஹெர்மயனி மட்டும் நெவிலைப் பார்க்கிறாள்: மேசையை இறுகப் பிடித்து முட்டி வெளுத்திருக்கிறது. ஏன் என்று அங்கே சொல்லப்படுவதில்லை. 30ஆம் அத்தியாயத்தில்தான், அதே மந்திரத்தால் அவன் தாயும் தகப்பனும் புத்தி பேதலித்து மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்று தெரிகிறது. ஐந்தாவதின் 23ஆம் அத்தியாயத்தில் அந்த மருத்துவமனைக்கே போகிறோம். மகனை அடையாளம் தெரியாத தாய் வந்து ஒரு மிட்டாய்க் காகிதத்தை அவன் கையில் வைக்கிறாள். பாட்டி குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறார். அவன் அதைச் சட்டைப்பைக்குள் நழுவவிடுவதை ஹாரி பார்க்கிறான். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பன்னிரண்டு வயதில் படிப்பவருக்கு நெவில் பாவம் என்று தோன்றும். வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, ஐந்தாவதில் வரும் அம்ப்ரிட்ஜ். மந்திரவாதிகளின் அமைச்சகத்திலிருந்து பள்ளிக்குள் வந்து எண் போட்ட ஆணைகளாக ஒட்டிக்கொண்டே போகிறாள். 23ஆம் ஆணை அவளை உயர் விசாரணையாளராக்குகிறது. 24ஆம் ஆணைப்படி மூன்று பேரோ அதற்கு மேலோ மாணவர்கள் அனுமதியின்றிச் சங்கம் சேர முடியாது. ஆசிரியர்கள் தம் பாடத்துக்கு வெளியே எதையும் மாணவர்களிடம் பேசக் கூடாது என்கிறது 26. 27 ஒரு பத்திரிகையைத் தடை செய்கிறது. 28இல் அவளே தலைமை ஆசிரியை. ஒவ்வொரு ஆணையும் முந்தையதில் இருந்த ஓட்டையை அடைக்கவே வருகிறது என்பதை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். பிள்ளைகளுக்கு அவள் கொடுமைக்கார டீச்சர். அரசு அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலை பார்த்தவர்களுக்கு, அதிகாரம் சுற்றறிக்கை வழியாக எப்படி ஊருக்குள் நுழைகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறாரே என்று வியப்பு வரும். வோல்டமோர்ட்டை விட அவளை அதிகம் வெறுக்கும் வாசகர்கள் ஏராளம். அவள் மாதிரி ஆளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், காரணம் அதுதான்.

அதனால் புன்னைமரம் அக்கா, தாளில் மூன்றாவது பத்தியாக ‘யார் சொல்லாமல் விட்டார்கள்’ என்று ஒன்று சேருங்கள். டம்பிள்டோரின் காலுறை, நெவிலின் மிட்டாய்க் காகிதம் எல்லாம் அங்கே வரும். அந்தப் பத்தியைப் பெரியவர்கள் நிரப்பட்டும்.

மூன்றாவது அலமாரி:

நெவில் பற்றிச் சொன்னது சரி, அந்தப் பத்தியைச் சேர்க்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த வெளுத்த முட்டியும் தடயம் வைக்கும் அதே கைவேலைதான். முதலில் காட்டுவது, பல நூறு பக்கம் கழித்துப் பொருள் தருவது. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கின் பெயர் முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே மோட்டார் சைக்கிள் கடன் கொடுத்தவனாக வந்துபோகிறது, ஆள் வருவது மூன்றாவதில். முதல் மருந்து வகுப்பில் ஸ்னேப் கேட்கும், விஷத்தை முறிக்கும் பெஸோவார் கல் ஆறாவதில் ஹாரியின் நண்பன் ரானின் உயிரைக் காப்பாற்றுகிறது. ஐந்தாவதில் வீடு சுத்தம் செய்யும்போது யாராலும் திறக்க முடியாத ஒரு லாக்கெட் கிடக்கிறது, ஏழாவதில் அதைத் தேடித்தான் அலைகிறார்கள். இரண்டாம் முறை படிப்பவர்களின் சந்தோஷம் இதில் இருக்கிறது.

புன்னைமரம்:

மூவருக்கும் நன்றி. மூன்று பத்தித் தாளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது, பத்து வயதுக்காரர்களை எங்கே நிறுத்துவது? படத்தை எப்போது போடலாம்?

கல்லணைக்கரை:

மூன்றாவதோடு நிறுத்துங்கள். மூன்றாவதில் வோல்டமோர்ட் நேரில் வருவதே இல்லை, கதை நடக்கும் காலத்தில் யாரும் சாவதும் இல்லை. மகிழ்ச்சியை உறிஞ்சும் சிறைக்காவல் உருவங்களான டிமென்டர்கள் பயமுறுத்தும். ஆனால் அதற்கு மருந்தாகச் சாக்லேட்டும் காவல் மந்திரமும் அதே புத்தகத்தில் கிடைத்துவிடுகின்றன. மனச்சோர்வை வைத்துத்தான் ரௌலிங் அவற்றை உருவாக்கினார் என்பது பெரியவர்களுக்குத் தனியாகப் பேச நல்ல விஷயம். நான்காவது அப்படியல்ல. முதல் அத்தியாயத்திலேயே கிழவர் ஒருவர் கொல்லப்படுகிறார். 32ஆம் அத்தியாயத்தில் ஒரு மாணவன் ஒரு நொடியில் சாகிறான், தொடர்ந்து கையை வெட்டிக் கொப்பரையில் போடும் சடங்கு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் அதைத் தாங்கிக்கொள்ள முடியும். நீளமும் ஒரு காரணம்: மூன்றாவதில் 22 அத்தியாயம், நான்காவதில் 37. பயத்தால் விடுகிற பிள்ளைகளை விட நடுவில் அலுத்து விடுகிற பிள்ளைகள் அதிகம், அப்படி விட்டால் திரும்பி வருவது அபூர்வம். அவசரப்படுத்தவே வேண்டாம்.

முதல் புத்தகத்துக்குள்ளேயே 15ஆம் அத்தியாயத்தை இருட்டிய பிறகு வாசிக்காதீர்கள். காட்டுக்குள் முகத்தை மூடிய உருவம் ஒற்றைக்கொம்புக் குதிரையின் ரத்தத்தைக் குடிக்கும் இடம் சில பிள்ளைகளைத் தூங்கவிடாது. 15ஐயும் 16ஐயும் ஒரே நாளில் வைத்தால், மந்திரச் சதுரங்கத்தின் விறுவிறுப்பில் அது கரைந்துவிடும்.

படம் எப்போதும் புத்தகத்துக்குப் பிறகுதான். 2001இல் வந்த முதல் படத்தில் குவிரல் தொடக்கத்திலேயே தலைப்பாகையோடு நிற்பார், கைகுலுக்கவும் மாட்டார். மேலே சொன்ன தடயம் அங்கே இல்லாமல் போகிறது. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லியே பிள்ளைகளைப் பார்க்க வைக்கலாம். 2004இல் வந்த மூன்றாவது படம் அழகானது, ஆனால் பள்ளியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மந்திர வரைபடத்தைச் செய்த நால்வர் யார் என்று சொல்லவே இல்லை. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு, அதை எப்படி இயக்குவது என்று ஆசிரியர் லூப்பினுக்கு எப்படித் தெரிந்தது என்பது புரிந்திருக்காது. படம் முடிந்ததும் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். புத்தகத்தை ஒழுங்காகப் படித்த பத்து வயதுப் பிள்ளை எழுந்து பெரியவர்களுக்கு விளக்கும்.