ஆபர்ன் அணியின் 2013 பருவம்: அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பழைய மாணவன்

நான் டிக்கெட்டை விற்றவன். பின்னால் யாராவது கேலி செய்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

2012-ல் முதுகலை படிக்க அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்து அணி 12 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகம் 49-0 என்று துவைத்து எடுத்தது. பயிற்சியாளரை நீக்கிவிட்டு கஸ் மல்ஸானைக் கொண்டுவந்தார்கள். அடுத்த செப்டம்பரில் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியிடம் 35-21 என்று தோற்றபோது, இந்த ஆண்டும் இவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். அதன்பின் தொடர்ந்து ஒன்பது வெற்றி!

எட்டாவது வெற்றிதான் நவம்பர் 30. எதிரில் அலபாமா, நாட்டின் முதலிட அணி, முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன். என் டிக்கெட்டுக்கு ஆய்வகத்து நண்பர் ஒருவர் தர முன்வந்த தொகை எனக்கு ஒரு மாத வாடகை. கொடுத்துவிட்டேன்.

அரங்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் வீடு. ஜோர்டான்-ஹேர் என்று எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஜெர்டன்'. மூன்று பேர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். 28-28. நேரம் முடிந்துவிட்டது என்று எழுந்தோம். அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் இன்னும் ஒரு விநாடி பாக்கி என்று வாதாடினார். நடுவர்கள் காட்சியைப் பார்த்துவிட்டு அதைக் கொடுத்தார்கள். 57 கெஜத் தொலைவிலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வேண்டும். திரையில் உதைப்பவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அதற்குள் ஜன்னல் வழியாக ஓர் இரைச்சல்.

ஒளிபரப்பு சில விநாடிகள் பிந்தித்தான் வீட்டுக்கு வருகிறது. "தவறவிட்டுவிட்டார்கள், கூடுதல் நேரம்தான்" என்றான் அறைத்தோழன். ஆனால் இரைச்சல் அடங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. திரையில் இப்போதுதான் பந்து மேலே எழும்புகிறது. கம்பங்களை எட்டாமல் விழுந்த பந்தைக் கோட்டுக்குப் பின்னால் காத்து நின்ற எங்கள் கிறிஸ் டேவிஸ் பிடித்தார். பிடித்து என்ன பயன் என்றுதான் நினைத்தேன். எல்லைக்குள் விழும் உதையை எதிரணி எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற விதியே எனக்கு அன்றுதான் தெரியும். இடது ஓரமாக 109 கெஜம் ஓடி மறுமுனைக்கே போய்விட்டார். முடிவு காதுக்கு முதலில் வந்து கண்ணுக்குப் பிறகு வந்த ஆட்டம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். 34-28.

வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே ஞாயிறு விடியற்காலை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய், "யாருக்கு என்ன ஆயிற்று?" என்றார்.

கணவரோடு ஆபர்ன் வந்தவள்

நான் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மளிகைக் கடையில் பில் போட்ட பெரியவர் சிரித்துக்கொண்டே "வார் ஈகிள்" என்றார். பை வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்து, "வேண்டாம், நன்றி" என்றேன். பின்னால் நின்றவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அந்த ஊரில் அது வணக்கம், வாழ்த்து, போய்வருகிறேன் எல்லாமே என்று கணவர் அன்றிரவு விளக்கினார்.

அலபாமா ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 16. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துடன் ஆட்டம், நாங்கள் அரங்கத்தில். 37-17 என்று முன்னிலையில் இருந்தோம். கடைசிக் கால்பகுதியில் எல்லாவற்றையும் கோட்டைவிட்டு 37-38. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் அல்லவா? எங்களுக்கு நான்காவது முயற்சியில் பதினெட்டு கெஜம் தேவை. "வண்டி நெரிசலுக்கு முன்னால் போய்விடலாம்" என்றார் இவர். நாங்கள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே கான்கிரீட் அதிர்ந்தது. எங்கள் அணியின் நிக் மார்ஷல் எறிந்த பந்து ஜார்ஜியா வீரர்களின் கையிலேயே பட்டு எகிறி, ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸின் கைக்குள் விழுந்ததாம். 73 கெஜம், 25 விநாடி மிச்சம், 43-38. இதையெல்லாம் பிறகு கணினியில்தான் பார்த்தேன். இன்றுவரை எந்தக் கல்யாணத்திலும் பந்தி முடியும் முன் கிளம்பலாம் என்று இவர் வாய் திறப்பதில்லை.

டஸ்கலூசாவில் படித்தவன்

எதிர்முகாமிலிருந்து ஒரு குரல். அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்தான் டஸ்கலூசா. அன்று மாலை எங்கள் தெருவில் சாவு வீட்டு அமைதி. நாங்கள் அன்று நான்கு உதைகளை வீணடித்தோம். முதல் மூன்றும் கேட் ஃபாஸ்டர் என்ற மாணவருடையவை. அவற்றில் ஒன்று தடுக்கப்பட்டது. அவருக்கு இணையத்தில் கொலைமிரட்டல்கள் வந்தன. முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010-ல் ஆபர்னிடம் தோற்ற கோபத்தில் அவர்கள் ஊர்த் தெருமுனையிலிருந்த ஓக் மரங்களுக்கு எங்கள் ரசிகர் ஒருவர் நஞ்சு வைத்தார். 2013 ஏப்ரலில் அந்த மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. வெற்றி பெற்றால் கழிப்பறைக் காகிதச் சுருளை வீசித் தோரணம் கட்ட அவர்களுக்கு அந்த ஆண்டு மரம் இல்லை. கம்பி கட்டி அதில் வீசினார்கள். எங்கள் தோல்வியை நான் புலம்பும்போதெல்லாம் அந்தக் கம்பி நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடுகிறது.

அட்லாண்டாவில் இருந்தவன்

டிசம்பர் 7, மிசௌரியுடன் நடந்த எஸ்.இ.சி. (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தேன். 59-42. ஆபர்னின் டிரே மேசன் 46 முறை பந்தைச் சுமந்து 304 கெஜம் ஓடினார். ஒவ்வொரு முறையும் நூறு கிலோ ஆட்கள் மேலே விழுகிறார்கள். எனக்கு முப்பதாவது முறைக்குப் பிறகு கைதட்டவே மனம் வரவில்லை. பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம். ஓடுகிற பையனுக்கு அப்போது படிப்புச் செலவு மட்டும். தங்கள் பெயரை வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்ற விதி 2021-ல்தான் வந்தது.

பழைய மாணவன்

அட்லாண்டாக்காரர் சொல்வதை மறுக்க மாட்டேன். அதே மேசன்தான் ஜனவரி 6 அன்று பாசடீனாவில் கடைசி நிமிடங்களில் எங்களுக்கு முன்னிலை வாங்கித் தந்தார். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். ஒரு கட்டத்தில் 21-3 என்று முன்னே இருந்தோம். 13 விநாடி இருக்கையில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி டச்டவுன் போட்டு, அதாவது பந்தை எங்கள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய், 34-31 என்று பறித்துக்கொண்டது.

விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். என் டிக்கெட்டை வாங்கியவரின் மேசையில் ஒரு ஜாம் பாட்டில். உள்ளே காய்ந்த புல். நவம்பர் 30 இரவு கூட்டத்தோடு மைதானத்தில் இறங்கியபோது பிடுங்கியதாம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வேண்டுமா என்றார். வாங்கிக்கொண்டேன்.