கையால் இயக்கினால் ஓடும் சேவை, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் தொடங்கும்போது மட்டும் ஓடவில்லை

கேள்வி:

வணக்கம். பைத்தானில் எழுதிய ஒரு நிரலைப் பின்னணிச் சேவையாக ஓட்டுவதற்கு /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/ஆர்சி.டி அடைவில் ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகி) பயனராக நுழைந்து அந்தக் கோப்பை நேரடியாக இயக்கினால் சேவை உடனே எழுந்துவிடுகிறது. ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்தால், பைத்தான்3 என்ற கோப்பே இல்லை என்ற ஒரு வரிப் பிழையோடு நின்றுவிடுகிறது. தொடக்க அமைப்புகளைக் கொண்ட ஆர்சி.கான்ஃப் கோப்பில் சேவையை இயக்கும் வரியைச் சேர்த்திருக்கிறேன். எங்கே தவறு?

மறுமொழி 1:

உங்கள் பைத்தான் நிரலின் முதல் வரி, 'என்வ்' கட்டளை வழியாகப் பைத்தானைப் பெயரால் தேடும் வரியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கணினி தொடங்கும்போது பாத் மாறியில் (நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலில்) /எஸ்பின், /பின், /யூஎஸ்ஆர்/எஸ்பின், /யூஎஸ்ஆர்/பின் ஆகிய நான்கு அடைவுகள் மட்டுமே இருக்கும். பைத்தானோ /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் இருக்கிறது. உங்கள் ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சூழலில்) அந்த அடைவும் பாத் மாறியில் இருப்பதால்தான் கையால் இயக்கும்போது பிழை தெரியவில்லை. முதல் வரியில் பைத்தானின் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். இனிமேல் சோதிக்கும்போது கோப்பை நேரடியாக இயக்காமல் 'சர்வீஸ்' கட்டளை வழியாக இயக்குங்கள். அது உங்கள் ஷெல்லின் மாறிகளை நீக்கிவிட்டு, தொடக்க நேரத்தில் உள்ள அதே பாத் மாறியோடு ஸ்கிரிப்டை ஓட்டும் என்பதால், இத்தகைய பிழைகள் மறுதொடக்கம் செய்யாமலேயே வெளிப்பட்டுவிடும்.

கேட்டவர்:

மிக்க நன்றி, அந்தப் பிழை தீர்ந்தது. இப்போது நிரல் எழுகிறது, ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைய முடியாமல் நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்டில் 20 விநாடி 'ஸ்லீப்' (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) சேர்த்தும் பயனில்லை. ஸ்கிரிப்டின் தலைப்பகுதி இப்படி இருக்கிறது: முதலில் சேவையின் பெயரைச் சொல்லும் 'ப்ரொவைட்' வரி, பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழே, முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டிய சேவையாகப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் முழுப்பெயர்) என்று குறிப்பிடும் 'ரிக்வயர்' வரி.

மறுமொழி 2:

அந்த வெற்று வரிதான் காரணம். இந்த வரிகள் பார்வைக்கு வெறும் குறிப்புரை போலத் தெரிந்தாலும், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் 'ஆர்சிஆர்டர்' இவற்றைத்தான் படிக்கிறது. அதன் இலக்கணமும் மிகக் கறாரானது. ஒவ்வொரு வரியும் ஒரு # குறி, ஒரே ஓர் இடைவெளி, பிறகு சொல் என்று தொடங்க வேண்டும், வரிகள் இடையில் எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து வர வேண்டும். வடிவம் மாறிய முதல் வரியிலேயே அது படிப்பதை நிறுத்திவிடும், அதுவும் எந்த எச்சரிக்கையும் தராமல். ஆகவே உங்கள் 'ரிக்வயர்' வரியை அது பார்க்கவே இல்லை.

'ஸ்லீப்' ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. இயல்பான அமைப்பில் ஸ்கிரிப்டுகள் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று ஓடுகின்றன. உங்களுடையது போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் நின்று 20 விநாடி உறங்கினால், போஸ்ட்கிரெஸும் அதே 20 விநாடி காத்திருக்கும். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். வரிசைப் பிழையை நேரத்தைக் கூட்டிச் சரிசெய்ய முயல்வதை நான் பல ஸ்கிரிப்டுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். வெற்று வரியை எடுத்த பிறகு, /ஈடிசி/ஆர்சி.டி, /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/ஆர்சி.டி ஆகிய இரண்டு அடைவுகளின் கோப்புகளையும் 'ஆர்சிஆர்டர்' கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:

பார்த்தேன். முன்பு பட்டியலில் போஸ்ட்கிரெஸுக்கு மேலே இருந்த என் ஸ்கிரிப்ட் இப்போது அதற்குக் கீழே வந்துவிட்டது. 'ஸ்லீப்' வரியை நீக்கிவிட்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்தேன். மூன்று முறையும் சேவை தானாகவே எழுந்தது.