மர்மத் தீவுக்குக் கேப்டன் நெமோ தேவையா?

பாய்மரம்:
பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் 'மர்மத் தீவு' நாவலை மூன்றாவது முறையாக நேற்று முடித்தேன். முதல் இரண்டு பாகங்கள் எனக்கு உயிர். மூன்றாம் பாகத்தைத்தான் ஏற்க முடியவில்லை. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1865 மார்ச், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது. எதிரிகளான தென் மாநிலத்தாரின் ரிச்மண்ட் நகரில் மாட்டிக்கொண்ட வடக்குத் தரப்பினர் ஐந்து பேர் பலூனில் தப்பி, புயலில் சிக்கி, தென் பசிபிக்கில் எந்த வரைபடத்திலும் இல்லாத தீவில் விழுகிறார்கள். அதற்கு லிங்கன் தீவு என்று பெயர் வைக்கிறார்கள். கையில் ஒரு கத்திகூட இல்லை. நாயின் கழுத்துப்பட்டையை ஒடித்துத்தான் கத்தி செய்கிறார்கள். இரண்டு கடிகாரக் கண்ணாடிகளைச் சேர்த்து, நடுவில் தண்ணீர் ஊற்றி, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, அந்த லென்ஸில் வெயிலைப் பிடித்துத் தீ மூட்டுகிறார் பொறியாளர் சைரஸ் ஸ்மித். சீல் தோலில் துருத்தி செய்து இரும்பு உருக்குகிறார்கள்.

அறிவும் உழைப்பும் இருந்தால் மனிதன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்று இத்தனை பக்கம் நம்பவைத்தாயிற்று. அப்புறம், தீவுக்கு அடியில் கேப்டன் நெமோ என்று ஒருவர் நீர்மூழ்கிக் கப்பலோடு இருந்தார், ஆபத்து வந்தபோதெல்லாம் அவர்தான் காப்பாற்றினார் என்றால் எப்படி? வாசகனை ஏமாற்றிய மாதிரி இருக்கிறது.

அகல்விளக்கு:
ஏமாற்று என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் நண்பரே. செங்கல், இரும்பு, நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்து, தொழுவம்வரை போட்ட தந்திக் கம்பி, பாய்மரப் படகு எல்லாம் அவர்களே செய்தவை. இதில் எதிலும் நெமோவின் கை இல்லை. கடலில் விழுந்த சைரஸைத் தூக்கியது, கருவிப் பெட்டியைக் கரை சேர்த்தது, கொள்ளையர் கப்பலை வெடிவைத்துத் தகர்த்தது மாதிரியானவைதான் அவர் செய்தவை.

இன்னொன்று, ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. முதல் பாகம் முடியும்போதே மாலுமி பென்கிராஃபின் பல்லில் ஈயக்குண்டு கடிபடுகிறது. துப்பாக்கியே இல்லாத தீவில் பன்றிக் கறிக்குள் குண்டு எப்படி வந்தது? அந்தக் கேள்வியை அங்கேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். புத்தகத்தின் பெயரிலேயே மர்மம் இருக்கிறதே!

பாய்மரம்:
குண்டு சரி, அது நல்ல இடம். நான் சொல்வது கொய்னா என்ற காய்ச்சல் மருந்தை. சிறுவன் ஹெர்பர்ட்டுக்கு விஷக்காய்ச்சல். வில்லோ மரப்பட்டை கொடுத்துப் பார்க்கிறார்கள், போதவில்லை. மூன்றாம் முறை காய்ச்சல் வந்தால் பையன் பிழைக்க மாட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் மேசைமேல் ஒரு சிறிய பெட்டி, அதில் வெள்ளைத் தூள், கொய்னா! அறிவால் எதையும் செய்யலாம் என்ற கதை, அறிவு தோற்கிற இடத்தில் நேர்மையாக நின்றிருக்க வேண்டும். ஹெர்பர்ட் இறந்திருந்தால் இது இன்னும் பெரிய நாவல் ஆகியிருக்கும்.

அகல்விளக்கு:
எனக்கு நேர்மாறாகப் படுகிறது. தோல்வியை ஒத்துக்கொண்ட இடமே அதுதான். எல்லாம் தெரிந்த சைரஸ் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறாரே. பதினைந்து வயதில் தீவுக்கு வந்த பையன். அவன் சட்டை உள்துணியில் கிடைத்த ஒரே ஒரு கோதுமை மணியிலிருந்துதான் வயலே வந்தது. பத்துக் கதிர், கதிருக்கு எண்பது மணி, முதல் அறுவடை 800, இரண்டாவது 6,40,000 என்று சைரஸ் கணக்குப் போடுவார். அவனைச் சாகவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

தென்கரை:
இருவரும் உதவி நியாயமா என்றே பேசுகிறீர்கள். உதவியவர் யார் என்பதை விட்டுவிட்டீர்கள். நெமோ ஓர் இந்தியர்! மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் ராஜாவின் மகன் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உடன்பிறந்தார் மகன் என்று வருகிறது. 1857 எழுச்சியில் போரிட்டு, குடும்பத்தையே இழந்து கடலுக்குள் போனவர். சாகும் நேரத்தில் தன் கதையைச் சொல்லிவிட்டு, என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். சைரஸ் என்ன சொல்கிறார்? கடந்த காலத்தை மீட்கலாம் என்று நம்பியது உங்கள் பிழை, தவிர்க்க முடியாத முன்னேற்றத்தை எதிர்த்தீர்கள் என்கிறார். அடிமை முறையை எதிர்த்துப் போரிட்ட மனிதர், ஒரு நாட்டின் விடுதலைப் போரை முன்னேற்றத்துக்கு எதிரானது என்கிறார். எனக்கு இந்த நாவலில் உறுத்துவது இது ஒன்றுதான். கொய்னா ஒரு பொருட்டே இல்லை.

அகல்விளக்கு:
அது சைரஸின் தீர்ப்பு. அதையே வெர்னின் தீர்ப்பாக எடுக்க வேண்டுமா? ஆங்கில ஆட்சியைக் கடுமையாகச் சாடும் கதையை நெமோவின் வாழ்க்கையாக எழுதியவரும் அவர்தானே. 1875-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த வரிகளைத்தான் மாற்றி மழுப்பியது. சைரஸின் பெயரைக்கூட ஹார்டிங் என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பழைய மொழிபெயர்ப்பு வழியாகப் படித்தவர்களுக்கு நெமோவின் கோபம் பாதிதான் வந்து சேரும்.

பாய்மரம்:
நான் படித்தது ஹார்டிங் என்று வரும் பதிப்புதான். இது எனக்குத் தெரியாது. நெமோ கடைசியில் திடீரென்று ஒட்டவைத்த ஆள் மாதிரித் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் கொய்னா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

தென்கரை:
மாற வேண்டாம். ஒன்று மட்டும் பாருங்கள். நெமோ சாகும்போது அவர்களுக்கு ஒரு பெட்டி கொடுக்கிறார். உள்ளே வைரங்கள், கடலடியில் எடுத்த முத்துகள். அந்த வைரங்களில் பெரும்பாலானவை தான் கணவனாக, தகப்பனாக இருந்த காலத்தின் நினைவு என்கிறார். 1869 மார்ச்சில் தீவு வெடித்துச் சிதறுகிறது. எஞ்சிய ஒற்றைப் பாறையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் அந்தப் பெட்டியை வைத்து அமெரிக்காவின் ஐயோவாவில் நிலம் வாங்கிக் குடியேறுகிறார்கள். புந்தேல்கண்டுக்கு ஒரு முத்துகூடத் திரும்பவில்லை.

அகல்விளக்கு:
அவர் மனமுவந்து கொடுத்தார், நல்லது செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். இத்தனை வருடம் தண்ணீருக்கடியில் இருந்து அவர்களைக் கவனித்து, இவர்கள் தகுதியானவர்கள் என்று அவரே முடிவு செய்தார். அந்த முடிவை அவரிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன்.